காலில் வயர் இல்லை

"எத்தன இஞ்சு விசிறி போட்ட?"

லியூ அங்கிள் கேட்டது என்னை அல்ல. நான் அப்போது அவருடைய சின்ன வெள்ளைக் காரின் ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி, ஈப்போ சந்தைச் சாலையில் ஒரு காய்கறி லாரியின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தேன். கூரையின்மேல் 'எல்' பலகை. கேள்வி, டாஷ்போர்டில் சாய்த்து வைத்திருந்த கைபேசிக்கு. அந்தப் பக்கம் ஹம்டான். வார நாட்களில் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர், ஞாயிற்றுக்கிழமைகளில் விமானி.

"பன்னண்டு, அங்கிள்."

"முன்னால?"

"பத்து. பத்துல நல்லாத்தான் பறந்துச்சு. பெருசு போட்டா இன்னும் நல்லா இழுக்குமேன்னு பாத்தேன்."

"இழுத்துச்சா?"

"இழுத்துச்சு. அப்புறம் புகை வந்துச்சு."

"என்ன வாசம்?"

"என்னது?"

"புகைக்கு வாசம் இருக்கும்ல? கருவாட்டு வாசமா, வார்னிஷ் வாசமா?"

ஹம்டான் கொஞ்சம் யோசித்தார். "கருவாடுதான்."

"அப்ப மோட்டார் பொழச்சுச்சு. ஈஎஸ்சிதான் செத்துருச்சு."

ஈஎஸ்சி என்பது, ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானத்தில், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் தீப்பெட்டி அளவுச் சாமான். ரிமோட்டில் கட்டைவிரல் சொல்வதைக் கேட்டு மோட்டாரின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று அவர்களுக்குத் தெரிந்த யாரோ இறந்துவிட்டார் என்றே நினைத்து, வண்டியை இன்னும் மெதுவாக்கினேன்.

"ஆனா ஈஎஸ்சி முப்பது ஆம்பியர், அங்கிள். கடைக்காரன் போதும்னானே."

"கடைக்காரன் விக்கிறவன் லா. இங்க பாரு, கரண்ட யாரும் ஊட்டி விடுறதில்ல. விசிறி கேக்கும், மோட்டார் வாங்கும், நடுவுல ஈஎஸ்சி ஓடி ஓடிப் பரிமாறணும். நீ ஒரு மேசைக்குப் பரிமாற ஒரு பையன நிக்க வெச்ச. அப்புறம் சொல்லாம கொள்ளாம மூணு மேசை ஆளுங்கள உக்கார வெச்ச. அவன் மயங்கி விழாம என்ன செய்வான்?"

"அப்ப பெரிய ஈஎஸ்சி வாங்கவா?"

"எட என்ன?"

"எதோட எட?"

"பாத்தியா, பாத்தியா! விமானத்தோட எட தெரியாது, விசிறி வாங்கப் போயிட்டான். ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் தூக்கிட்டு வா."

அந்த நேரத்தில் ஒரு மோட்டார்சைக்கிள், முன்னால் கோழிக்கூடையோடு, சந்திலிருந்து பாய்ந்தது. நான் பிரேக்கை மிதிக்கவில்லை. மிதிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி நின்றுவிட்டது. அங்கிள் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், தன் பக்கத்தில் பொருத்தியிருந்த பிரேக்கை வலது காலால் மிதித்திருந்தார்.

"பயப்படாத, தங்கச்சி" என்றார். "என் கால் எப்பவும் முழிச்சிருக்கும்."

அது பெருமைக்குச் சொன்னது இல்லை. லியூ கம் செங்கின் வலது கால் உண்மையிலேயே தூங்குவதில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழிலில் தலை நரைத்தவர் அவர். முடிவெட்டுகிற நாற்காலியில், கத்தி காதுக்குப் பக்கத்தில் வந்தால் அவர் கால் மிதிக்கும். கோப்பிக் கடையில் பையன் ஒரு கையில் ஆறு கிளாஸ் அடுக்கிக்கொண்டு நடந்தால் மிதிக்கும். தொலைக்காட்சி நாடகத்தில் கதாநாயகி தவறான ஆளோடு காரில் ஏறினால் மிதிக்கும். வீட்டில் அவர் உட்காரும் நாற்காலிக்கு முன்னால் தரைவிரிப்பில் குதிகால் அளவுக்கு ஒரு வழுக்கை விழுந்திருக்கிறது. "கனவுல கூட பிரேக்குதான்" என்பார் அவர் மனைவி யோக் லான் ஆன்ட்டி. "வண்டி எங்க நிக்குதுன்னு தெரியல. உதை மட்டும் எனக்கு விழுது."

எங்கள் தாமான் குடியிருப்பில் அவர்கள் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது. அதனால் பாடம் முடிந்தும் பழக்கம் முடியவில்லை.

ஆள் குள்ளம். சட்டைப்பையில் மற்ற வாத்தியார்கள் பேனா வைத்திருக்கும் இடத்தில் ஒரு வாட் மீட்டர் வைத்திருப்பார். பேட்டரியின் வயரில் அதை நடுவே மாட்டினால் மோட்டார் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று சொல்லிவிடும். அவரிடம் வண்டி கற்றவர்களில் சரியாகப் பின்னால் எடுத்து நிறுத்தத் தெரியாதவர்கள் உண்டு. ஆனால் ஊருக்கு வெளியே, ஈயம் தோண்டிவிட்டுப்போன பழைய ஈயக்குட்டையின் பக்கத்தில் இருக்கும் விமானத் திடலுக்கு வழி தெரியாதவர்கள் கிடையாது. சாலைப் பாடம் எந்தத் திசையில் தொடங்கினாலும் அங்கேதான் முடியும். அங்கே லாலாங் புல்லுக்கு நடுவில் செதுக்கி வைத்த ஒரு நீளத் தரையும், தகரக் கூரை ஒன்றும், அதன் கீழ் ஒரு பலகை மேசையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்த மேசைதான் லியூ அங்கிளின் ஆஸ்பத்திரி.

நோயாளிகள் பிஸ்கட் டின்னில் வருவார்கள். கருகிய மோட்டார், உப்பிய பேட்டரி, வாலை அசைக்க வேண்டியது போய்த் தானே நடுங்குகிற சர்வோ. அங்கிள் எதையும் தொடுவதற்கு முன் ஒரே கேள்விதான் கேட்பார்: "எட என்ன?" தெரியாது என்றால் வைத்தியம் கிடையாது. ஒரு பல் டாக்டர் தன் புது விமானத்தைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய், கோழிக் கடைத் தராசில் நிறுத்துக்கொண்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

எடை தெரிந்தால் அதைத் தூக்க எவ்வளவு சக்தி வேண்டும் என்பது தெரியும். அந்தச் சக்திக்கு மூக்கில் சுழலும் விசிறி, அந்த விசிறிக்கு மோட்டார், அந்த மோட்டாரின் பசிக்கு ஈஎஸ்சி, அந்த ஈஎஸ்சிக்குச் சளைக்காமல் கொடுக்கும் பேட்டரி. எல்லாம் சேர்ந்ததும் மறுபடி எடை போடுவார். பேட்டரி எடையைக் கூட்டியிருக்கும். மறுபடி முதலிலிருந்து. பொறுமையில்லாதவர்கள் இடையில் எழுந்து போய்ச் சாப்பிட நாசி லெமாக் பொட்டலம் வாங்கிக்கொண்டு வருவார்கள். ஆனால் அவர் "மேட்ச்" என்று சொல்லி அனுப்பிய விமானம் எதுவும் புகைந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அந்தச் சொல்லை அவர் விமானத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பெண்ணின் கல்யாண விருந்தில் எட்டாவது பதார்த்தம் வரும்போது என் பக்கம் குனிந்து சொன்னார்: "மேட்ச் இல்ல லா, தங்கச்சி. பொண்ணு நாலு செல் பேட்டரி. பையன் ரெண்டு செல் மோட்டார். ஆறு மாசத்துல புகை வரும் பாரு." அவர்களுக்கு இப்போது இரட்டைக் குழந்தைகள். அந்தப் பையன் வாரம் தவறாமல் தன் மனைவியின் காரைக் கழுவுகிறான். அங்கிள் அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் மூக்கை லேசாக உறிஞ்சிப் பார்ப்பதாக எனக்குத் தோன்றும்.

ஊரார் விமானங்களைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இனி அவருடையது.

அது சிவப்பு நிறம். தொடங்கியபோது என் கை நீளம்தான் இருந்ததாம். நுரைப்பலகையில் செய்தது, ஒரு ரொட்டியைப் போல் இலேசானது. முதல் ஞாயிறு, ஹம்டான் அதைத் தலைக்கு மேல் பிடித்து ஓடி வீசினார். தென்னை மர உயரத்துக்கு ஏறியது. மோட்டார் திடீரென்று மௌனமாயிற்று. விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு லாலாங்கில் விழுந்தது.

"வோல்டேஜ் விழுந்துருச்சு" என்றார் அங்கிள். புறப்படும்போது மோட்டார் ஒரேயடியாக இழுக்கிறது, பேட்டரி திணறுகிறது, ஈஎஸ்சி பேட்டரி தீர்ந்துவிட்டதென்று ஏமாந்து மோட்டாரை நிறுத்திவிடுகிறது. அப்படி நடப்பது உண்டுதான். ஆகவே பெரிய பேட்டரி வாங்கினார். பெரிய பேட்டரியைத் தூக்கப் பெரிய மோட்டார். பெரிய மோட்டாருக்கு நாற்பது ஆம்பியர் ஈஎஸ்சி. இத்தனையையும் தாங்க நீள இறக்கை. மறுபடி ஹம்டான் ஓடினார். தென்னை மர உயரம், மௌனம், லாலாங்.

இப்படியே அந்த விமானம் வளர்ந்தது. பிள்ளைகள் படித்து முடித்து வெளியூருக்குப் போன வீட்டில் அது ஒன்றுதான் வளர்ந்துகொண்டிருந்தது. புத்தக அலமாரியிலிருந்து தையல் மிஷினுக்கு மாறி, அங்கிருந்து சாப்பாட்டு மேசைக்கு வந்து, அதற்கும் மேல் இரண்டு பக்கமும் இறக்கையை நீட்டிக்கொண்டு நின்றது. வாலை மேசைக் காலோடு கயிற்றால் கட்டி, முழு வேகத்தில் மோட்டாரை ஓடவிட்டு வாட் மீட்டரைப் பார்ப்பார். திரைச்சீலைகள் பறக்கும், நாள்காட்டித் தாள்கள் படபடக்கும், யோக் லான் ஆன்ட்டி சமையலறையிலிருந்து கத்துவார். எண்கள் எல்லாம் சரியாக இருக்கும். ஒரு முறைகூட மோட்டார் நின்றதில்லை.

"மேசையில சரியா இருக்கு. மேல போனாத்தான் என்னமோ ஆவுது" என்பார், கன்னத்தைச் சொறிந்துகொண்டு.

அது வட்ட மேசை. ஆன்ட்டி கல்யாணமாகி வந்தபோது வாங்கியது. சீனப் பெருநாளுக்கு முதல் நாள் இரவு, எங்கே இருந்தாலும் பிள்ளைகள் வந்து அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். போன வருடமும் உட்கார்ந்தார்கள், இறக்கையைச் சுற்றி. வேகவைத்த மீன் இறக்கையின் நிழலில் ஆறியது. பச்சை மீனும் காய்த் துருவலும் கலந்த யீ சாங்கை எல்லோரும் சாப்ஸ்டிக்கால் உயரத் தூக்கிக் குலுக்கியபோது பாதி விமானத்தின்மேல் விழுந்தது. ஒரு கேரட் துருவல் வால் இடுக்கிலேயே காய்ந்துகிடந்து, எடை கூடிவிட்டதென்று அங்கிளைப் பல நாள் குழப்பியது.

இந்த வருடம் ஆன்ட்டி முன்கூட்டியே சொல்லிவிட்டார். நான் அப்போது அங்கே ஆரஞ்சுப் பழங்கள் கொடுக்கப் போயிருந்தேன்.

"மூத்தவன் பொண்டாட்டி மொத மொத இந்த வீட்டுக்கு வந்து சாப்பிடப் போறா. எனக்கு என் மேசை வேணும்."

"ஆவட்டும் லா. தூக்கி வெச்சுருவேன்."

"எங்க வெப்ப? தலையில வெப்பியா? கேட்டுக்க. பெருநாளுக்குள்ள இது பறந்தா, நானே சொவத்துல ஆணி அடிச்சு, சாமி படம் மாதிரி மாட்டித் தரேன். பறக்கலன்னா பழைய பேப்பர் லாரிக்காரன் வருவான், தூக்கிக் குடுத்துருவேன்."

"அவன் என்ன செய்வான் இத வெச்சு?"

"நீ மட்டும் என்ன செஞ்ச?"

மேசைக்கடியில் அங்கிளின் கால் மிதித்தது.

அந்த மிரட்டலுக்குப் பிறகு வந்த ஞாயிறுதான் நான் அதைக் கவனித்தேன். விமானம் புறப்படும்போது திடலில் உள்ள எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். எனக்குக் கூட்டத்தில் நிமிர்ந்து நிற்பது கொஞ்சம் கூச்சம். பெரும்பாலும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஹம்டான் ஓடினார், வீசினார். மோட்டார் கத்திக்கொண்டு ஏறியது. அங்கிளின் வலது கால் புல்லில் அழுந்தியது. அது எனக்குப் பழகிய கால்தான். ஆனால் கால் அழுந்திய அதே நொடியில், ரிமோட்டைப் பிடித்திருந்த இடது கையின் கட்டைவிரலும் கீழே இறங்கியது. மோட்டார் நின்றது. தென்னை மர உயரம்.

"பாத்தீங்களா! வோல்டேஜ்!" என்று கத்திக்கொண்டே அங்கிள் லாலாங்கை நோக்கி ஓடினார்.

பிறகு மற்றவர்களின் விமானங்கள் ஏறியபோதும் அவரையே பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் கால் மிதித்தது. அவற்றின் ரிமோட் அவர் கையில் இல்லை. ஆகவே அவை பறந்தன. மேசையில் கட்டிப்போட்ட விமானத்துக்கு அந்தக் கால் பயப்படுவதில்லை. ஆகவே அங்கே எண்கள் சரியாக வந்தன.

திரும்பும்போது நான்தான் காரை ஓட்டினேன். அப்போது உரிமம் வாங்கிவிட்டிருந்தேன், ஆனாலும் அவர் என் பக்கத்தில் பழைய இடத்தில்தான் உட்காருவார். இரண்டாவது விளக்கைத் தாண்டியதும் சொன்னேன்.

"அங்கிள், விமானம் ஏறுறப்போ நீங்க பிரேக் மிதிக்கிறீங்க."

"அது பழக்கம் லா."

"கால் மிதிக்கிறப்போ கட்டைவிரலும் கூடவே எறங்குது. நீங்கதான் மோட்டார நிறுத்துறீங்க."

அவர் சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்:

"கால்ல வயர் இல்ல, தங்கச்சி."

அடுத்த நாளே அறுபது ஆம்பியர் ஈஎஸ்சி ஒன்று வாங்கி வந்தார்.

பெருநாளுக்கு முந்தைய ஞாயிறு, யோக் லான் ஆன்ட்டியும் திடலுக்கு வந்தார். பெருநாள் விருந்துக்குச் சந்தையில் வாங்கிய, உப்பிட்டு உலர்த்திய மெழுகு வாத்து இரண்டு காரின் பின்னிருக்கையில் கிடந்தன. "இன்னைக்கு நான் எறியிறேன்" என்றார். "விழுந்தா அப்படியே பொறுக்கிட்டுப் போய் லாரிக்காரன்கிட்ட குடுத்துரலாம்." எப்படிப் பிடிப்பது, எந்தக் கோணத்தில் வீசுவது என்று ஹம்டான் காட்டிக்கொடுத்தார். ஆன்ட்டி அதை ஒரு காதில் வாங்கிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்தபடி, மறு கையால் விமானத்தைத் தூக்கினார்.

விமானம் அன்று பறந்தது. தென்னை மரத்தைத் தாண்டியது, ஈயக்குட்டையைத் தாண்டியது, குட்டைக்கு மேல் அகலமாக வளைந்து வெயிலில் சிவப்பாகத் திரும்பி வந்தது. ஹம்டான் தொப்பியைத் தூக்கி எறிந்தார். பல் டாக்டர் கைதட்டினார். ஆன்ட்டி மட்டும் "ஏன் இத்தன வருசமா இத செய்யல?" என்று கேட்டார்.

இப்போது அது சுவரில், சொன்னபடி ஆன்ட்டியே அடித்த ஆணியில், குலதெய்வங்களின் படத்துக்கு ஒரு சாண் கீழே தொங்குகிறது. மேசையில் சாப்பாடு நடக்கிறது. புது மருமகள் சுவரைக் காட்டி எப்படிப் பறந்தது என்று கேட்டதற்கு, அங்கிள் மீன் முள்ளை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அறுபது ஆம்பியர்" என்றார். யார் கேட்டாலும் அதுதான் பதில். திடலுக்கு வரும் புதியவர்கள் அவர் பேச்சைக் கேட்டு, ரொட்டி எடையுள்ள விமானத்துக்கெல்லாம் அறுபது ஆம்பியர் வாங்கி வருகிறார்கள். அங்கிள் அவர்களைத் திட்டி, எடை கேட்டு, திருப்பி அனுப்புகிறார். ஆன்ட்டியின் நம்பிக்கை வேறு: தான் வீசிய வீச்சு அப்படி. ஹம்டானின் நம்பிக்கை இன்னும் வேறு. ஞாயிற்றுக்கிழமை நான் வந்தால்தான் அந்த விமானத்துக்கு ராசி என்று அவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். நான் வராத நாளில் அங்கிள் அதை ஆணியிலிருந்து எடுப்பதில்லை என்பது உண்மைதான். நான் எதுவும் சொல்வதில்லை.

விமானம் பறந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆன்ட்டியும் ஹம்டானும் திடலின் அந்தக் கோடியில் நின்றார்கள். இந்தப் பக்கம் அங்கிளும் நானும் மட்டும். வாட் மீட்டரைப் பார்த்தாகிவிட்டது, எடை பார்த்தாகிவிட்டது, காற்று பார்த்தாகிவிட்டது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"எறியவா, வேணாமா?" என்று ஆன்ட்டி அங்கிருந்து கத்தினார். "கை வலிக்குது! வாத்து வெயில்ல கெடக்குது!"

"இரு, இரு" என்றார் அங்கிள்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. கண்ணை விமானத்தின்மேலேயே வைத்துக்கொண்டு, வலது காலிலிருந்த ஜப்பான் சிலிப்பரை உதறிக் கழற்றினார். வெறும் காலை, விரல்களை விரித்து, புல்லின்மேல் என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"தங்கச்சி, இதுமேல ஏறி நில்லு. நல்லா மிதி. நான் கத்துனாலும் எறங்காத."